நீர் ஆற்றை பிள்ளை?

(சண்டிலிப்பாயில் நிகழ்த்திய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



இன்று பின்னேரம் சைக்கிளை உருட்டிக்கொண்டு இந்த ஒழுங்கைக்குள் திரும்பினேன். படலையடியில் நின்ற ஓர் ஆச்சி என்னை மறித்தா. "தம்பி, நீர் ஆற்றை பிள்ளை?" என்று கேட்டா. எனக்கு வயது எழுபத்திரண்டு. ஆனாலும் ஆச்சிக்கு நான் ஆற்றையோ ஒரு பிள்ளைதான். என் பெயரைச் சொன்னேன். தலையை ஆட்டினா, பிடிபடவில்லை. அப்பாவின் பெயரைச் சொன்னேன். "எந்தச் செல்லத்துரை? இஞ்சை ஒன்பது செல்லத்துரை இருந்தவை" என்றா. அப்பா பார்த்த உத்தியோகத்தைச் சொன்னேன். அதுவும் எடுபடவில்லை. கடைசியில், "அம்மம்மா வீடு கல்வளைப் பிள்ளையார் கோயிலடி, புளியடி வளவு" என்றேன். ஆச்சியின் முகம் மலர்ந்தது. "அட, பொன்னம்மாவின்ரை பேரனோ! உள்ளுக்கு வாரும், தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்."

நான் மூன்று கிழமை இருந்து தயாரித்த சொற்பொழிவை அந்த ஆச்சி படலையடியிலேயே நிகழ்த்தி முடித்துவிட்டா. எனக்கு மிச்சம் விட்டது உரை விளக்கம் மட்டுந்தான்.

எனக்குத் தந்த தலைப்பு இது: குடும்ப வரலாறு தேடுவோருக்குக் குடும்பப் பெயர் ஏன் மாறி மாறி வருகிறது? வெளிநாட்டிலிருந்து வரும் பிள்ளைகள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி. போன ஆண்டு ஒரு பிள்ளை வந்தது. கையில் ஒரு கொப்பி. அதில், "சண்டிலிப்பாய், கந்தையா குடும்பம்" என்று எழுதியிருந்தது. "ஐயா, கந்தையா குடும்பத்தின் வீடு எங்கே?" என்று கேட்டது. நான் என்ன சொல்ல? சண்டிலிப்பாயில் கந்தையா குடும்பம் என்று ஒன்று இருந்ததே இல்லை. கந்தையா என்று ஒரு மனிதர் இருந்தார். அந்தப் பிள்ளையின் பாட்டனுக்குத் தகப்பன். அவருக்கு முன்னும் அந்தப் பெயர் அந்த வீட்டில் இல்லை. அவருக்குப் பின்னும், அவருடைய மகன் வெளிநாட்டுப் படிவம் ஒன்றை நிரப்பும் வரைக்கும், அது ஒரு தலைமுறைக்கு மேல் நிற்கவில்லை.

ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குடும்பப் பெயர் மாறுவதற்கு, முதலில் குடும்பப் பெயர் என்று ஒன்று இருக்க வேண்டும் அல்லவா? நம்மிடம் அது இருக்கவில்லை. இருந்தது தகப்பன் பெயர். தகப்பன் பெயர் முன்னே, தன் பெயர் பின்னே. மகன் வந்ததும் தன் பெயர் முன்னே போகும், தகப்பன் பெயர் கழன்றுவிடும். ஓடிக்கொண்டே இருக்கும் பெயர் அது. அதை ஓரிடத்தில் பிடித்து நிறுத்த வேண்டும் என்று வந்தவர்கள் பலர். போர்த்துக்கேயர் வந்தனர், ஒல்லாந்தர் வந்தனர், பாதிரிமார் வந்தனர், கிளாக்கர்மார் வந்தனர், குடிவரவு அதிகாரிகள் வந்தனர். ஒவ்வொருவரும் ஒவ்வோரிடத்தில் நிறுத்தினார்கள். அதனால்தான் ஒரே வீட்டுப் பிள்ளைகளுக்கு வேறு வேறு பெயர்.

நாடறிந்த குடும்பம் ஒன்றைச் சொல்கிறேன். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குப் போனவர் குமாரசுவாமி முதலியார். அவருடைய மகள் பொன்னம்பல முதலியாரை மணந்தா. அவர்களின் பிள்ளைகள்தான் சேர் பொன்னம்பலம் இராமநாதன், சேர் பொன்னம்பலம் அருணாசலம். நம் முறைப்படி தகப்பன் பெயர் முன்னே. அருணாசலத்தின் மகன் யார்? அருணாசலம் மகாதேவா. பொன்னம்பலம் கழன்றுவிட்டது. எல்லாம் ஒழுங்கு.

குமாரசுவாமி முதலியாருக்கு ஒரு மகனும் இருந்தார். முத்துக் குமாரசுவாமி. இங்கிலாந்தில் பாரிஸ்டரானவர், 1874இல் சேர் பட்டம் பெற்றவர். இவர் தகப்பன் பெயரைப் பின்னே வைத்தார். ஆங்கிலேயரின் கண்ணுக்கு அது குடும்பப் பெயராகப் பட்டது. அவர் மணந்ததும் ஓர் ஆங்கிலப் பெண்ணை. 1877இல் கொழும்பில் ஒரு மகன் பிறந்தான். நம் முறைப்படி அவன் முத்து ஆனந்தன் ஆகியிருக்க வேண்டும். ஆனால் உலகம் அறிந்த பெயர் என்ன? ஆனந்த குமாரசுவாமி! பாட்டன் பெயர் பேரனில் உறைந்துவிட்டது. இராமநாதனும் ஆனந்த குமாரசுவாமியும் யார்? மாமி மகனும் மாமன் மகனும். ஒரே பாட்டனின் பேரன்மார். பெயரை மட்டும் வைத்துக்கொண்டு தேடுகிறவர் இந்த இரண்டு பேரையும் ஒரு மரத்தில் சேர்ப்பாரா? சேர்க்க மாட்டார். இரண்டையும் இணைப்பது ஒரு பெண். குமாரசுவாமி முதலியாரின் மகள். அவவின் பெயரை எத்தனை பேர் அறிவோம்? செல்லாச்சி. இந்தப் பெண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப வருவேன்.

இனி நம் ஊருக்கே வருகிறேன். கல்வளைப் பிள்ளையார் மேல் அந்தாதி பாடியவர் யார்? சின்னத்தம்பிப் புலவர். எந்தச் சின்னத்தம்பி? நல்லூர்ச் சின்னத்தம்பி. ஏனென்றால் இணுவிலில் இன்னொரு சின்னத்தம்பிப் புலவர் இருந்தார், பஞ்சவன்னத் தூது பாடியவர். ஊர்ப் பெயர் சேராவிட்டால் இருவரும் ஒருவராகிவிடுவார்கள். சின்னத்தம்பி என்பதே பாருங்கள், வீட்டிலே இளைய பொடியனைக் கூப்பிடுகிற பெயர். அதுவே புலவர் பெயராகிவிட்டது.

அந்தப் புலவரின் தகப்பனார் வில்லவராய முதலியார். 1707இல் ஒல்லாந்தர் நம் வழக்கங்களைத் திரட்டித் தேசவழமை என்று எழுத்தில் வைத்தார்கள். எழுதியதைச் சரிபார்க்கப் பன்னிரண்டு முதலிமாரிடம் கொடுத்தார்கள். அந்த முதலிமாரின் பெயர்களைப் பாருங்கள்: தொன் பிலிப்பு, தொன் பிரான்சிஸ்கோ, தொன் லூயிஸ்! அவர்களில் ஒருவர் தொன் பிலிப்பு வில்லவராய முதலியார். அவரே நம் புலவரின் தகப்பன் என்று வழிவழியாகச் சொல்லி வருகிறோம். ஒல்லாந்தரின் கடுதாசியில் தகப்பன் பிலிப்பு. மகன் பாடியதோ பிள்ளையார் மேல் அந்தாதி!

இது எப்படி? 1619இல் போர்த்துக்கேயர் யாழ்ப்பாண அரசை விழுத்தினார்கள். 1658இல் ஒல்லாந்தர் வந்தார்கள். இருவர் காலத்திலும் ஞானஸ்நானம் பெறாதவனுக்கு உத்தியோகம் இல்லை. திருச்சபையில் எழுதாத கலியாணம் செல்லாது. செல்லாத கலியாணத்துப் பிள்ளைக்கு முதுசம் கேட்க வழி இல்லை. ஆகவே எங்கள் ஆட்கள் தலையில் தண்ணீர் வாங்கி, ஒரு பெயரும் வாங்கி, தோம்புப் பதிவேட்டிலே எழுதுவித்துவிட்டு வீட்டுக்கு வந்து கை கால் முகம் கழுவித் திருநீறு பூசினார்கள். வீட்டுக்கு ஒரு பெயர், கந்தோருக்கு ஒரு பெயர். இதை வெட்கப்பட வேண்டிய வேடம் என்று நான் எண்ணவில்லை. காணியைக் காப்பாற்றிய கெட்டித்தனம் என்றே எண்ணுகிறேன். ஆனால் ஒல்லாந்தரின் தோம்பில் முன்னோரைத் தேடிப்போகிற பிள்ளை, அங்கே சுவானையும் தியோகுவையும் கண்டு, இது நம் ஆள் இல்லை என்று கொப்பியை மூடிவிடக் கூடாது.

அடுத்து வந்தவர்கள் அமெரிக்கப் பாதிரிமார். 1816இல் வந்தார்கள். 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரி, 1824இல் உடுவில் பெண்கள் பாடசாலை. பிள்ளைகளுக்குச் சாப்பாடும் படிப்பும் கொடுக்கக் காசு அமெரிக்காவிலிருந்து வந்தது. காசு அனுப்பிய புண்ணியவானின் பெயரையோ, அவர் சொன்ன பெயரையோ இங்கே பிள்ளைக்கு வைத்தார்கள். இப்படித்தான் நம் ஒழுங்கைகளில் நைல்ஸ் நடந்தார், நெவின்ஸ் நடந்தார், ஆர்னல்ட் நடந்தார். மானிப்பாயில் பிறந்து யாழ்ப்பாண இளைஞர் காங்கிரசைக் கட்டியெழுப்பிய பேரின்பநாயகத்தின் முன்னே ஹன்டி நிற்கிறது. ஹன்டி எந்த ஊர்? எந்தச் சாதி? எந்தக் கோயில்? கேட்டுப் பயன் இல்லை.

இவர்களில் ஒருவரின் கதையை மட்டும் ஆறுதலாகச் சொல்கிறேன். சிறுப்பிட்டியில் வைரவநாதருக்கு 1832இல் பிறந்தவர் தாமோதரம்பிள்ளை. பாதிரிமார் சூழலில் அந்தக் குடும்பத்துக்கு வந்த பெயர் கிங்ஸ்பரி. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளில் ஒருவரானார். பின்னர் சைவத்துக்குத் திரும்பினார். கிங்ஸ்பரி போய்விட்டது. வீரசோழியத்தையும் கலித்தொகையையும் ஏட்டிலிருந்து அச்சில் ஏற்றிய சி.வை. தாமோதரம்பிள்ளை ஆனார். ஆங்கிலத்தில் அவர் சி. டபிள்யூ. தாமோதரம்பிள்ளை. வைரவநாதரின் "வை"யை டபிள்யூ போட்டு எழுதுவது அந்தக் காலத்து வழக்கம். இன்றைக்கு அதே பெயரை வி போட்டு எழுதுவோம். ஓர் எழுத்து மாறினால் போதும், கணினியில் தேடுகிறவனுக்குத் தகப்பனும் மகனும் அந்நியர்.

கதை அதோடு முடியவில்லை. தாமோதரம்பிள்ளையின் மகன் அழகசுந்தரம் கிறிஸ்தவரானார். என்ன பெயர் எடுத்தார்? பிரான்சிஸ் கிங்ஸ்பரி! தகப்பன் கழற்றி வைத்ததை மகன் எடுத்து அணிந்துகொண்டார். நல்ல தமிழறிஞர் அவர். ஒரு பெயர் ஒரு வீட்டுக்குள் வந்து, வெளியே போய், திரும்பவும் வந்தது. இதை எந்தப் படிவத்தில் எந்தக் கட்டத்தில் எழுதுவது?

இதுவரை சொன்னவை அந்நியர் வைத்த பெயர்கள். நாமே ஒருவருக்கொருவர் வைத்ததும் உண்டு, பறித்ததும் உண்டு. அதைச் சபையில் சொல்லச் சிலருக்குக் கூச்சம். நான் சொல்லத்தான் போகிறேன்.

கந்தன், கந்தர், கந்தையா, கந்தப்பிள்ளை, கந்தசாமி. ஐந்தும் முருகன் பெயர்தான். ஆனால் ஐந்தும் ஒன்றா? காணி உள்ளவன் வயது போகக் கந்தர் ஆவான். அவனுடைய காணி உறுதியிலே கந்தர் என்று நொத்தாரிசு எழுதுவார். அவன் தோட்டத்தில் இறைத்தவனின் பெயரும் அதுவேதான். அவன் எழுபது வயதிலும் கந்தன். அவனுக்கு "ர்" போடப் பதிவுகாரரின் பேனை எழும்பாது. பிள்ளை என்று சேர்த்தால் ஊர் பொறுக்காது. அவனுடைய பேரன் படித்து, மகனுக்குச் சிவகுமாரன் என்று பெயர் வைத்து, தன் பாட்டனின் பெயரையும் கந்தசாமி என்று திருத்தி எழுதினான் என்றால், அது பொய்யா? குடும்ப வரலாறு தேடுகிறவர்களில் சிலர் இதைக் கண்டுபிடித்துவிட்டுப் பகிடி பண்ணுகிறார்கள். எனக்குக் கோபம் வரும். தொன் பிலிப்பு காணியைக் காக்கப் பெயர் மாற்றினார். அதைக் கெட்டித்தனம் என்றோம். இவன் மானத்தைக் காக்கப் பெயர் மாற்றினான். அதற்கு என்ன பெயர் சொல்வோம்?

மலாயாவுக்குப் போனவர்களை ஓடிக் கடக்கிறேன். றெயில்வேயில் கிளாக்கரானவர்கள் பென்சன் எடுத்துக்கொண்டு வந்து இங்கே கல்வீடு கட்டினார்கள். வராதவர்களின் பிள்ளைகள் அங்கே இன்னாரின் மகன் இன்னார் என்று எழுதப்பட்டார்கள். மலேசியாவில் அதற்கு ஏ/எல் என்று ஒரு குறி. உண்மையைச் சொன்னால், நம் முறையைக் குழப்பாமல் எழுதிய அரசாங்கக் குறி அது. வட்டுக்கோட்டையில் 1915இல் பிறந்த சின்னத்தம்பி இராஜரத்தினம் சிங்கப்பூரின் முதல் வெளிநாட்டமைச்சராகியும் கடைசிவரை சின்னத்தம்பி மகன் இராஜரத்தினமாகவே இருந்தார்.

1983 கலவரத்துக்குப் பிறகு வெளிநாடு போனவர்களுக்கு அந்தக் குறி கிடைக்கவில்லை. கிடைத்தது ஒரு கட்டம்: குடும்பப் பெயர். குளிரிலே, தூக்கமில்லாமல், பாஷை தெரியாமல் நின்றவன் என்ன எழுதுவான்? ஒரு சகோதரன் கனடாவில் தகப்பன் பெயரை எழுதினான். மற்றவன் பிரான்சில் தன் பெயரையே எழுதினான். இருவரின் பிள்ளைகளும் இன்றைக்கு வேறு வேறு குடும்பப் பெயர்க்காரர். இராமநாதன் கதைதான், திரும்பவும்! நம் அரசியல்வாதி ஆனந்தசங்கரி வீரசிங்கத்தின் மகன். 2015இல் கனடிய நாடாளுமன்றத்துக்குத் தெரிவான அவருடைய மகன் ஹரி ஆனந்தசங்கரி. தகப்பனின் சொந்தப் பெயர் அங்கே குடும்பப் பெயராகிவிட்டது. இனி அவர்களின் பிள்ளைகளோடும் அது போகும்.

பெண்களின் பாடு இன்னும் விசித்திரம். ஜேர்மனியில் வாழும் என் பெறாமகள் ஒருத்தி சொன்னா. "சித்தப்பா, ஊரிலே மாமாவின் பெயரை நான் வாயால் சொன்னதே இல்லை. இஞ்சை என்னைக் கூப்பிடுவதே மாமாவின் பெயரால்தான்." புருஷனின் தகப்பன் பெயர் குடும்பப் பெயராகி, இவவின் தலையில் வந்து விழுந்துவிட்டது. வாயால் சொல்லக் கூடாத பெயரைக் கையால் ஒப்பமிடுகிறா. அவவின் சொந்தத் தகப்பன் எங்கே? எந்தக் கடுதாசியிலும் இல்லை.

சரி. இத்தனை குழப்பத்துக்குள்ளே எதைப் பிடித்துக்கொண்டு போவது? இங்கேதான் செல்லாச்சி திரும்ப வருகிறா. இங்கேதான் படலையடி ஆச்சியும் வருகிறா. அவ என்னைப் பெயரால் பிடிக்கவில்லை. எதனால் பிடித்தா? வளவால் பிடித்தா. அம்மம்மாவின் வளவால்.

நம் ஊரிலே பெயர் ஓடும், காணி ஓடாது. தேசவழமையில் தாயின் சீதனம் மகளுக்குப் போகும். வீடும் வளவும் மகளுக்கு, மகளின் மகளுக்கு. மாப்பிள்ளைதான் மூட்டை கட்டிக்கொண்டு வருவார். ஒவ்வொரு தலைமுறையிலும் ஒரு புதுத் தகப்பன் பெயர் அந்த வளவுக்குள் வரும். வளவின் பெயரோ மாறாது. புளியடி வளவிலே புளி பட்டுப்போய் நாற்பது வருடம். இன்றைக்கும் அது புளியடி வளவுதான்.

ஆகவே உறுதியை எடுங்கள். சீதன உறுதியை எடுங்கள். பரப்பும் குளியும் பார்க்கிற கண்ணாலே எல்லையைப் பாருங்கள். கிழக்கும் வடக்கும் ஒழுங்கை, மேற்கு இன்னாருக்கும் பங்காளருக்கும் உரிய காணி என்று எழுதியிருக்கும். யார் அந்த இன்னார்? பெரும்பாலும் உங்கள் பூட்டியின் கூடப்பிறந்தவர். ஒரு பெரிய காணியை நாலு பிள்ளைகளுக்குப் பிரித்ததில் வந்த எல்லை அது. எல்லை நான்கையும் படித்தால் ஒரு குடும்பம் எழுந்து நிற்கும்.

அந்தியேட்டியன்று கொடுக்கிற நினைவு மலரான கல்வெட்டையும் பாருங்கள். ஆனால் நம்பிப் பாராதீர்கள். வம்சாவளியிலே ஆண்களுக்குக் கிளை கிளையாக ஓடும். பெண்களுக்கு ஒரு கோட்டோடு நிற்கும். கோபித்துக்கொண்டு போனவரும், சாதி மாறிக் கலியாணம் செய்தவரும் அந்த மரத்தில் முளைப்பதே இல்லை. அதைவிட நம் பிறப்புச் சான்றிதழ் நேர்மையானது. பாட்டன் பெயருக்கும் அவர் பிறந்த ஊருக்கும் அதிலே ஒரு கட்டம் உண்டு.

காணியைப் பிடியுங்கள் என்று சொல்லிவிட்டேன். ஆனால் காணியே இல்லாதவன் எதைப் பிடிப்பான்? முந்திச் சொன்ன அந்தக் கந்தனுக்கு உறுதி ஏது? பிறருடைய காணியின் மூலையிலே கொட்டில் போட்டு இருந்தவனின் பெயரை எந்த நொத்தாரிசும் எழுதவில்லை. பாதிரிமாரின் பள்ளிக்கூட இடாப்பில் சிலரின் பெயர் இருக்கும். மற்றப்படி அவர்களின் குடும்ப வரலாறு முழுவதும் சில கிழவிகளின் வாயிலேதான் இருக்கிறது. உள்ளவனின் வரலாறு பெட்டகத்துக்குள் கிடக்கும், பத்து வருடம் பொறுக்கும். இல்லாதவனின் வரலாறு பொறுக்காது.

பெட்டகமும் பொறுக்காது என்பதையும் பார்த்துவிட்டோம். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தது. 1995 ஒக்ரோபர் 30 இரவு, வலிகாமம் முழுவதும் போரில் இடம்பெயர்ந்து மழைக்குள்ளே தென்மராட்சிக்கு நடந்தது. உறுதியைத் தூக்கியவர் சாமிப்படத்தை விட்டார். சாமிப்படத்தைத் தூக்கியவர் உறுதியை விட்டார். என் அம்மா உறுதியைத் தூக்கினா. ஆகவே என்னால் கொஞ்சம் சொல்ல முடிகிறது.

அந்த உறுதி இப்போது என் கையில் இருக்கிறது. புளியடி வளவு, மூன்று பரப்பு. அம்மம்மா பொன்னம்மாவுக்கு அவவின் தாய் கொடுத்த சீதனம். அந்தத் தாயின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் நொத்தாரிசு எழுதியிருப்பது "வேலர் மகள் சின்னப்பிள்ளை". சின்னப்பிள்ளை! அது பெயரா? வீட்டிலே சின்ன மகளைக் கூப்பிடுகிற கூப்பாடு. சாதக ஓலையில் வைத்த பெயர் என்ன என்று அம்மாவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

மேற்கு எல்லையிலே "முருகர் பெண்சாதி தெய்வானை" என்று ஒரு பெயர் இருக்கிறது. என் பூட்டியின் தமக்கையாக இருக்கலாம். தெய்வானையின் வழியில் வந்தவர் யாராவது இந்தச் சபையில் இருந்தால், தேநீர் வேளையில் என்னிடம் வாருங்கள். உறுதியைக் கொண்டுவந்திருக்கிறேன்.